திண்டிவனத்து இரவும் திருச்சபையின் பொறுப்பும்

காயீன் தன் தம்பியைக் கொன்றபின் கடவுள் அவனிடம் ஆபேல் எங்கே என்று வினவினார். காயீன் நேரான விடை கூறவில்லை. தன் சகோதரனைக் காப்பது தன் கடமையோ என்று எதிர்க்கேள்வி எழுப்பினான். திருமறையில் மனிதன் கடவுளை நோக்கிக் கேட்கும் முதல் கேள்வி இதுவே என்பது நாம் சிந்திக்கத்தக்கது. அயலானுக்குரிய பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கேள்வியாக அது அமைந்தது. அதன்பின் வரும் திருமறை வரலாறு முழுவதையும் அக்கேள்விக்குக் கடவுள் அளித்த விடை எனக் கொள்ளலாம்.

சமுதாயத்தில் சுயநலம் பெருகிவிட்டதென்று நமது பிரசங்கபீடங்களிலிருந்து அடிக்கடி கூறுகிறோம். அது மெய்யே. எனினும் சுயநலத்தைத் தனிமனிதரின் இதயக் கடினம் என்று மட்டுமே எண்ணி, அதற்கு மாற்றாக இரக்க உணர்வைப் போதித்து அமைந்துவிடுகிறோம். வரலாறு நமக்கு இதனினும் கடினமான பாடமொன்றைக் கற்பிக்கிறது. இரக்கமுள்ளோர் இருந்தனர், திறமையுள்ளோர் இருந்தனர், ஆயினும் உதவி தேவைப்பட்டவரை அது சென்று சேரவில்லை. இத்தகைய நிலைகள் பல உண்டு. இடையில் நின்ற சுவர் எது? அதை அகற்றும் பொறுப்பு யாருடையது? பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் இரண்டு ஊர்களாகிய திண்டிவனமும் விழுப்புரமும் இக்கேள்விகளை நம்முன் வைக்கின்றன.

1. பஞ்சமும் கணக்கும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடிய பஞ்சத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பஞ்சத்தில் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. சென்னை மாகாணத்தின் பேரிழப்பு அதில் அடங்கும். மழை பொய்த்தது முதற்காரணம். மழையின்மை மட்டுமே இத்தனை உயிர்களைக் கொண்டுபோகவில்லை. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. சந்தை விலையில் அரசு தலையிடலாகாது என்னும் கோட்பாடு அன்றைய ஆட்சியாளரிடம் வேதவாக்காக விளங்கிற்று.

நிவாரணம் அறவே இல்லாமற்போகவில்லை. ஆனால் அது அளந்து கொடுக்கப்பட்டது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சார்பாகச் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுவதும் கடின வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று 1877இல் வகுத்தார். பெண்களுக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது, குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அத்துடன் காய்கறியும் பருப்பும் வேண்டும் என வாதாடினார். அவருடைய எதிர்ப்பினால் பின்னர் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இப்பஞ்ச நிவாரண வேலையாகவே 1877-78இல் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அக்கால்வாய்க்கு நிலைத்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் அதன் தென்கோடி முடிகிறது. மரக்காணத்தில் நின்று அந்நீரைக் காண்போர், அதன் ஒரு பகுதி அரை வயிற்றுக் கூலிக்கு வெட்டப்பட்டது என்பதை நினைவுகூர்தல் நன்று. உதவி செய்வதாகக் கருதிக்கொண்டே மனிதரைக் கணக்குப் பொருளாக்க இயலும் என்பது இதனால் விளங்கும். சுயநலத்துக்கு எப்போதும் கொடிய முகம் இருப்பதில்லை. சில வேளைகளில் அது சிக்கனம் என்றும் கோட்பாடு என்றும் பெயர் தரித்துக்கொள்கிறது.

இப்பஞ்ச நாட்களில் வேலூரில் ஆர்க்காட்டு மிஷன் இல்லமொன்றில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வாழ்ந்தாள். பசியால் கையைத் தூக்கவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டு ஊட்டினாள் என்று அவளது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடரே அச்சிறுமி.

2. மூன்று மரணங்கள்

ஐடாவின் பாட்டனார் முதலாம் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட முதல் மருத்துவ மிஷனெரி. 1819இல் கப்பலேறிய அவர், முதலில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் பின்னர் சென்னையிலும் ஊழியம் செய்தார். அவருடைய குமாரர்கள் 1853இல் ஆர்க்காட்டு மிஷனைத் தோற்றுவித்தனர். ஐடாவின் தந்தையாகிய இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே.

இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் ஐடா மிஷனெரியாக விரும்பவில்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அப்பெண், அங்கேயே மணம் செய்து வசதியாக வாழவேண்டுமென்றே எண்ணியிருந்தார். 1890இல் தாயாரின் நோய் காரணமாகத் திண்டிவனம் வந்ததும் சிறிது காலம் தங்கித் திரும்பும் எண்ணத்துடனேயே. அவர் கல்நெஞ்சரல்லர், தாய்க்காகக் கடல் கடந்து வந்தவர். அன்பின் எல்லை குடும்பத்தோடு நின்றிருந்தது. நமது சபையாரில் பெரும்பாலோரின் நிலையும் இதுவேயன்றோ?

திண்டிவனத்தில் ஓரிரவு நடந்தது கிறிஸ்தவ வட்டாரங்களில் நன்கு அறியப்பட்டது. ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவ்வில்லத்துக்கு வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மூவரும் ஐடாவையே வரும்படி அழைத்தனர். தாம் மருத்துவரல்லர், தந்தையே மருத்துவர் என்று ஐடா கூறியபோது, அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைக் காண்பதை எங்கள் முறைமை ஒப்பாது என்று கூறி மூவரும் திரும்பிச் சென்றனர். மறுநாட்காலையில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

இவ்வரலாற்றைப் பிரசங்கத்தில் கூறும்போது அம்மூவரையும் இருளில் வாழ்ந்த இரக்கமற்றோராகச் சித்திரிக்கும் வழக்கம் உண்டு. அது நியாயமன்று. இரக்கமற்றவனாயின் நள்ளிரவில் விளக்கேந்தி அந்நியரின் வாயிலில் நின்றிரான். அவர்கள் தம் மனைவியர் பிழைக்க வேண்டுமென விரும்பினர். மருத்துவரும் செல்ல ஆயத்தமாயிருந்தார். மருத்துவ அறிவு அவ்வூரிலேயே இருந்தது. அப்படியிருந்தும் மூவர் இறந்தனர்.

குடியின் மானம், சாதியின் ஒழுங்கு, ஆடவரின் கௌரவம் ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து எழுப்பிய சுவரே அங்கு நின்றது. அச்சுவர் தனிமனிதரின் சுயநலத்தைவிட ஆழமானதொன்று. ஒரு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள, தன்னுள் வலிமை குன்றியவரின் உயிரை விலையாகக் கொடுக்கும் கூட்டுச் சுயநலம் அது. பிரசவ அறையில் கிடந்த அப்பெண்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுடைய பெயர்களும் நம்மை வந்தடையவில்லை.

பெண் மருத்துவர் தேவை என்பதை அக்காலத்தில் எவரும் அறியாதிருந்தனர் என்றும் எண்ணலாகாது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கு முதலில் பயின்ற பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் சென்னையில் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறை கைக்கொண்ட பெண்களுக்குமென மருத்துவமனை தோன்றிற்று. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என இன்றும் மக்கள் அழைப்பது அதனையே. திண்டிவனத்திலிருந்து சென்னை நூற்றிருபது கிலோமீட்டர் அளவே. ஆயினும் பிரசவ வேதனையிலுள்ள ஏழைப் பெண்ணுக்கு அத்தூரம் கடக்கவொண்ணாதது. தலைநகரில் ஒரு நன்மை இருக்கிறது என்பதால் சிற்றூருக்குப் பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை.

3. மனதுருக்கம் என்பது யாது?

லூக்கா நற்செய்தியில் மனதுருகுதல் என்று நாம் வாசிக்கும் வினை மூன்று இடங்களில் வருகிறது: நாயீன் ஊர் விதவையைக் கண்ட ஆண்டவர், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன், திரும்பி வரும் மைந்தனைக் கண்ட தந்தை. இதற்குரிய கிரேக்கச் சொல் வயிற்றின் உள்ளுறுப்புக்களைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. பழைய ஏற்பாட்டில் இரக்கத்தைக் குறிக்கும் ரஹமீம் என்னும் எபிரேயச் சொல்லோ, கருப்பையைக் குறிக்கும் ரெஹெம் என்னும் சொல்லோடு உறவுடையது. பெற்ற வயிறு என்று தமிழில் நாம் கூறுவதன் பொருள் இதற்கு அண்மையானது. கருப்பையின் பெயரால் இரக்கத்தைக் குறிக்கும் மறைநூலைக் கையில் வைத்திருக்கும் திருச்சபை, பிரசவத்தில் மாண்ட மூன்று பெண்களை எளிதில் மறத்தல் இயலாது.

ஆனால் திருமறையில் இச்சொல் உணர்ச்சியோடு நிற்பதில்லை. மூன்று இடங்களிலும் அதைத் தொடர்ந்து ஒரு செயல் நிகழ்கிறது. பாடை தொடப்படுகிறது, காயம் கட்டப்படுகிறது, தந்தை ஓடுகிறார். சமாரியனின் உவமையில் நாம் பொதுவாக விரைந்து கடந்துவிடும் பகுதி சத்திரத்தைப் பற்றியது. சமாரியன் வழியிலே முதலுதவி செய்ததோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். இரண்டு நாட்கூலி அது. மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவதாகவும் உறுதி கூறினான். தான் அங்கில்லாத நேரத்திலும் அம்மனிதன் பராமரிக்கப்பட வழி செய்தான். அவனது மனதுருக்கம் இவ்விடத்தில் பொறுப்பாக முதிர்ச்சியடைகிறது.

ஆசாரியனையும் லேவியனையும் பற்றியும் ஒரு சொல். பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்படலாகாது என்னும் விதி லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தில் உள்ளது. கிடந்தவன் இறந்துவிட்டான் என்று அவர்கள் அஞ்சியிருக்கலாமென உரையாசிரியர் சிலர் கருதுவர். அங்ஙனமாயின் அவர்கள் விலகிச் சென்றதும் ஒரு முறைமையைக் காக்கவே. திண்டிவனத்துக் கணவர்களுக்கும் எருசலேம் ஆசாரியனுக்கும் இடையே நாம் நினைப்பதைவிட நெருக்கம் உண்டு.

4. வேலூரில் ஒரு சத்திரம்

திண்டிவனத்து இரவு ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. அதன் பலன் மறுநாளே கிட்டிவிடவில்லை. அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று, நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். உடனிருந்து வழிகாட்டுவார் என நம்பிய தந்தை அவ்வாண்டே காலமானார். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் மரநிழல்களில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியம் வளர்ந்தது. நோயாளி மருத்துவமனைக்கு வர இயலாவிடில், மருத்துவமனை சாலைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆயினும் அவர் செய்தவற்றுள் மிக முக்கியமானது 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியே. தாம் ஒருவர் எத்தனை இரவுகள் விழித்தாலும் தென்னாட்டின் பெண்கள் அனைவருக்கும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கத் துணிந்தார். மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கருதினார். வந்தவையோ 151. முதல் வகுப்பில் இறுதித் தேர்வெழுதிய பதினால்வரும் 1922இல் தேறினர். பள்ளியை ஒரே மிஷன் தாங்க இயலாதென்பதால் பல மிஷன்கள் கூடி அதை நடத்தின. 1942இல் எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்புக்குரிய கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் ஐடா மறைந்தபோது, அவர் இல்லாமலும் நடக்கவல்ல ஒரு நிறுவனம் நிலைபெற்றிருந்தது.

ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, திண்டிவனத்து மூன்று பெண்களை ஐடா காப்பாற்றவில்லை. அவர்களுக்கு அவர் ஏதும் செய்ய இயலவில்லை. தாம் காப்பாற்ற இயலாதவர்களின் பொருட்டு, இனி வரப்போகிறவர்களுக்குத் தாம் கடன்பட்டவர் என ஏற்றுக்கொண்டார். கைம்மாறு செய்ய இயலாதவருக்குப் பட்ட கடனை இன்னொருவருக்குச் செலுத்துவதே கிறிஸ்தவப் பொறுப்பின் இயல்பு. இரண்டாவது, இவ்வரலாற்றை ஒரே பெண்மணியின் வீரச்செயலாக நாம் கூறிவருகிறோம். உண்மையில் வீட்டாரின் எதிர்ப்பையும் ஊராரின் ஏளனத்தையும் தாங்கி வெள்ளுடை உடுத்த தமிழ்ப் பெண் செவிலியர், அம்முதல் பதினால்வர், அவர்களுக்குப்பின் வந்த நூற்றுக்கணக்கானோர் ஆகியோரே பூட்டிய அறைகளுக்குள் நுழைந்தவர்கள். உவமையில் சமாரியனுக்குப் பெயரில்லை, சத்திரக்காரனுக்கும் பெயரில்லை.

5. விழுப்புரம், 1978

வேலூரின் புகழோடு இக்கட்டுரையை முடித்துவிடின் நாம் வரலாற்றுக்கு நேர்மையாக இருந்தவராகோம். பிரசவ அறையின் கதவு மெல்லத் திறந்தது. ஆனால் அக்கதவைப் பூட்டியிருந்த சாதி முறை வேறு கதவுகளைப் பூட்டியே வைத்திருந்தது.

1978ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், திண்டிவனத்துக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள விழுப்புரத்தில் மூண்ட வன்முறையில் தலித் மக்கள் பன்னிருவர் கொலையுண்டனர். குடிசைகள் எரிக்கப்பட்டன. நாடு விடுதலை பெற்று முப்பதாண்டுகள் கடந்திருந்தன. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறையில் இருந்தது. விழுப்புரமோ ஒதுங்கிய குக்கிராமமன்று. இரயில்கள் சந்திக்கும் பெரிய சந்திப்பு நிலையம். அங்குப் பன்னிருவர் மடிந்தனர்.

இங்கே மருத்துவரின் மனதுருக்கம் போதாது. காயம் கட்டுவது தேவை. ஆனால் எரிகோ சாலையில் நாள்தோறும் ஒருவன் அடிபட்டுக் கிடப்பானாயின், அச்சாலை ஏன் அவ்வாறிருக்கிறது என்று கேட்பதும் சமாரியனின் கடமையாகும். இரக்கம் இவ்விடத்தில் நீதியின் வடிவை எடுக்க வேண்டும். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல் இதையே வற்புறுத்தியது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஒரே உலை என்னும் எளிய தமிழ் வழக்கை இறையியலாக்கினார். ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாய் உண்போர் எனது உனது என்று பிரிக்கமாட்டார். திருவிருந்தின் பொருள் அதுவே என்பது அவர் துணிபு. தானம் கொடுப்பவன் மேலேயும் பெறுபவன் கீழேயும் நிற்பதே வழக்கம். ஒரே உலையில் அவ்வேறுபாடு இல்லை.

வடதமிழகத்துச் சபைகளில் பெருந்தொகையினர் தலித் மக்களே என்பதையும் நாம் மறத்தலாகாது. விழுப்புரத்தில் மாண்டவர்களைப் பிறர் என்று குறிப்பிடவே நமக்கு உரிமையில்லை. அவர்கள் நம் சபையாரின் உற்றார்.

6. நமது கதவுகள்

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சாதி வேற்றுமையைச் சபைகளினின்று முற்றும் நீக்க வேண்டுமெனக் கடிதம் விடுத்தார். அதற்கு நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த எறையூரில் கிறிஸ்தவர்களே ஒருவரோடொருவர் மோதினர். ஆலயத்திலும் இறுதி ஊர்வலத்திலும் சமநிலை மறுக்கப்படுவதாக முறையிட்டுத் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கோரியதைத் தொடர்ந்து எழுந்த கலவரம் அது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இது கத்தோலிக்கச் சபையில் நிகழ்ந்ததென்று கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் நம் சபைகளில் முதலில் வினவப்படுவது யாது? சபைத் தேர்தல்களில் வாக்குகள் எவ்வழியில் பிரிகின்றன? கல்லறைத் தோட்டத்தில் எவர் எங்கே புதைக்கப்படுகின்றனர்? விடை நம் அனைவருக்கும் தெரியும்.

திண்டிவனத்துக் கணவர்கள் முறைமையின் பொருட்டு மருத்துவரைத் தம் வீட்டினுள் விடவில்லை. சாதியைக் காக்கும் சபையோ தன் ஆண்டவரையே வெளியே நிறுத்துகிறது. இவ்விரண்டில் எதன் இழப்புப் பெரிது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இறையியல் மாணவர்களும் ஆயர்களும் தத்தம் சேகரத்தில் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று என்போம். இங்கு உதவி தேவைப்படுவோர் யார் என்பது முதலாவது. இதைப் பெரும்பாலான சபைகள் கேட்கின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் வேட்டியும் சேலையும் வழங்குகின்றன. உதவி அவர்களைச் சென்றடையாது தடுக்கும் சுவர் எது என்பது இரண்டாவது. இதைச் சில சபைகளே கேட்கின்றன. அச்சுவரில் நம் கையால் வைத்த கல் உண்டோ என்பது மூன்றாவது. இதைக் கேட்கும் சபை செலவு செய்யவும், சிலரின் நட்பை இழக்கவும், பல்லாண்டுகள் காத்திருக்கவும் ஆயத்தமாதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. வெள்ள நாளில் உணவுப் பொட்டலம் வழங்குவது எளிது. நீர் வடிந்தபின், தாழ்வான நிலத்தில் எப்போதும் சேரியே அமைந்திருப்பது ஏன் என்று கேட்பதே கடினம். முதற்செயலை எவரும் பாராட்டுவர். இரண்டாவதைச் செய்பவர் பகையைத் தேடிக்கொள்வார். ஆயினும் சகோதரன் எங்கே என்று கடவுள் கேட்ட கேள்விக்குரிய விடை இவ்விரண்டையும் சேர்த்தே கூறப்பட வேண்டும்.

பெயர் தெரியாத மூன்று பெண்களின் மரணம் ஒரு பெண்ணைப் பொறுப்புக்கு அழைத்தது. விழுப்புரத்தில் மாண்ட பன்னிருவரின் மரணம் திருச்சபையை அழைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வழைப்புக்குச் செவிகொடுப்போர் நமது கல்லூரிகளினின்றும் சேகரங்களினின்றும் எழும்புவாராக.